மேகமலைக்குக் கேமரா பார்க்கப் போனது

கம்பத்தில் ஆதார் எடுக்கும் மையம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேசைமேல் கைரேகை வைக்கிற கருவி, கண்ணைப் பதிவு செய்கிற கருவி, குட்டையான ஒரு தண்டில் நிற்கும் கேமரா. எதிரே வெள்ளைத் திரை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை, "நிமிந்து உக்காருங்க, கண்ண நல்லா முழிங்க, சிரிக்காதீக" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். படம் திரையில் வந்ததும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "இதென்னம்மா, என்னைப் போலீசு புடிச்ச மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேமராவில் எல்லோரும் அப்படித்தான் விழுவார்கள்.

நான் கவனித்தது ஒன்று உண்டு. "முடிஞ்சிருச்சு" என்று நான் சொன்ன மறுநொடி அவர்கள் முகத்தில் ஒரு தளர்வு வரும். தோள் இறங்கும். சிலர் சிரிப்பார்கள். கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய சொந்த முகம் அப்போதுதான் வருகிறது. அதைப் பிடிக்க எனக்குக் கருவி இல்லை. செல்போனில் வீட்டு ஆட்களை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறவர்களை எடுத்துப் பார்த்தேன். பந்தலுக்கடியில் வெளிச்சம் போதாமல் எல்லா முகமும் களிமண் பூசியது போல வந்தது. நல்ல கேமரா ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. புதிது வாங்குவது நம்மால் ஆகாது. பழையது பார்க்கலாம் என்று என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

என் கணவருக்கு இது பிடிபடவில்லை. எங்களுக்குக் காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். அவருக்குக் காலையில் விழித்தால் கொடி, படுத்தால் கொடி.

"நாள் பூராம் படம் எடுத்துட்டுத்தான வர்ற? வீட்டுக்கு வந்தும் அதே சோலியா?" என்றார்.

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

நான் செல்போனில் எடுத்த களிமண் முகங்களைக் காட்டினேன்.

ஐப்பசி தொடக்கத்தில், பழைய பொருள் விற்கிற ஆப் ஒன்றில் ஒரு கேமராவைப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., ஒரு சின்ன லென்ஸ், தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்று. தேயிலைச் சாக்கின் மேல் வைத்து எடுத்திருந்தார்கள். இடம் மேகமலை என்று போட்டிருந்தது. கூப்பிட்டேன். எஸ்டேட் டீ ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருப்பவர் பேசினார். "அவசரமில்ல தங்கச்சி. வந்து பாத்து, புடிச்சா எடுத்துக்கங்க. எனக்குக் கீழ எறங்கி வர லீவு தோதுப்படாது" என்றார்.

அந்த வாரம் முழுவதும் பழைய கேமரா வாங்குவது எப்படி என்று வீடியோ பார்த்தேன். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது, அதாவது அதில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே ஃபங்கஸ் என்கிற பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமான ஊரில் இருந்து வருகிற கேமராவில் அது இல்லாமல் இருக்காதாம். ஓரத்தில் மெலிதாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வாங்கக் கூடாது. ஒரு சிட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பைக்கில் கிளம்பினோம். என் கணவர் வருவதற்கு ஒத்துக்கொண்டதே பெரிது. தோட்டத்தில் இன்னும் எட்டு நாளில் வெட்டு. "மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கணும்" என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தார். சின்னமனூரில் டீ குடித்துவிட்டு, சோதனைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. பாதி மலைக்கு மேல் பஞ்சு போல மூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனோம்.

மெக்கானிக்கின் குடியிருப்பு வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். அவருக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது. நல்ல சிரித்த முகம். அவர் மனைவி எங்களைப் பார்த்து, "வாங்க, நனைஞ்சிட்டீகளே" என்று துண்டு கொடுத்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். எஸ்டேட்டில் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்தில் அந்த அக்கா ஆயாவாக இருந்தார். அப்போது எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அதுதான்.

கேமராவை ஒரு பெரிய தகர டப்பாவில் வைத்திருந்தார்கள். டப்பாவின் அடியில் ஒரு படி அரிசி, அதன்மேல் மெல்லிய துணி, துணிக்குள் கேமரா. ஈரம் ஏறாமல் இருக்க அரிசி. கையில் வாங்கியதும் கனம் எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்கிற இடத்தில் ரப்பர் கொஞ்சம் வெளுத்து உரிந்திருந்தது. பேட்டரி மூடிக்கு ரப்பர்பேண்ட் போட்டிருந்தார்கள். மற்றபடி சுத்தமாக இருந்தது. வாசலில் நின்று மூட்டத்துக்குள் நடந்துபோன ஒரு மாட்டை எடுத்தேன். 'டக்' என்று கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடி தூக்கி அடிக்கிற சத்தம் உள்ளங்கையில் கேட்டது.

"இருட்டுல எடுக்கணும்னா எதைக் கூட்டணும்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கிரும் தங்கச்சி" என்றார்.

வாங்குவது என்று எனக்கு அப்போதே மனதுக்குள் முடிவாகிவிட்டது. ஆனாலும் சிட்டையில் எழுதி வைத்திருந்ததை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே பெய்கிற மழை போல இல்லை. தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டியது போல விழுந்தது. பேசினால் காதில் விழவில்லை. சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் குடைபிடித்து வந்து, வளைவு ஒன்றில் மரமும் மண்ணுமாகச் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது, பஸ்ஸே அங்கே நிற்கிறது என்று சொன்னார்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். "பைக்கு மட்டும் போகாதா?"

"நடந்தே போக முடியாது தம்பி. ஆனை வேற அங்கனதேன் சுத்துது" என்றார் மெக்கானிக். "நாளைக்கு எடுத்துருவாக. இங்கன இருங்க. என்ன, வீடு சின்னது."

மரம் விழுந்ததில் கரண்டும் போய்விட்டது. வீட்டுக்குள் செல்போன் டவர் கிடையாது. ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு மேட்டில் நின்றால் ஒரு கோடு வருமாம். சாயங்காலம் மழை கொஞ்சம் குறைந்ததும் ஆண்கள் இருவரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே போனார்கள். என் கணவர் வானத்தையே பார்த்துக்கொண்டு போனார். கீழேயும் இந்த மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். அது எனக்கும் தெரியும்.

நான் சமையல்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அடுப்பு வெளிச்சமும் ஒரு மெழுகுவர்த்தியும்தான். அக்கா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மனதில் இருந்த கலக்கத்தை மறைக்க நான் கேமராவை எடுத்து எதையோ திருகிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அமுக்கியும் படம் விழவில்லை.

"இங்க குடுங்க" என்று அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. பேச்சு என்னோடு நடந்துகொண்டிருந்தது. பெருவிரல் பின்னால் இருந்த பட்டனை அமுக்கியது, ஆள்காட்டி விரல் சக்கரத்தை நாலு தடவை உருட்டியது. "அதுக்கப்பறம் என்ன, உங்க மகளுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஒம்பது" என்றேன். 'டக்' என்றது. திருப்பிக் காட்டினார்.

அந்தப் படத்தில் இருந்தது நான். பாதி முகத்தில் தீ வெளிச்சம். எதையோ தொலைத்துவிட்டு எங்கே போட்டோம் என்று நினைத்துப் பார்க்கிற முகம். முப்பத்தாறு வயதில் என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா, இதை வச்சிருந்தது நீங்களா?"

"மாத்தலாகிப் போன மேனேஜர் ஐயா இவுகளுக்குக் குடுத்துட்டுப் போனாக. இவுகளுக்கு ஏது பொழுது. நாந்தேன் நோண்டிக்கிட்டுக் கெடப்பேன்" என்று சொல்லிவிட்டு, கார்டில் இருந்த மற்ற படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாம் காப்பகத்துப் பிள்ளைகள். தூங்குகிற பிள்ளை, கஞ்சிக் கிண்ணத்துக்குள் மூக்கை விட்ட பிள்ளை, அம்மா தேயிலைக்குப் போனதும் கதவில் நெற்றியை வைத்து நிற்கிற பிள்ளை. பாதிப் பேர் ஜார்கண்டில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்து இலை எடுக்கிறவர்களுடைய பிள்ளைகள்.

"ரெண்டு வருசம் இருப்பாக. ஒரு நா காலையில பாத்தா பெட்டியக் கட்டிருவாக. போறப்ப இந்தப் படத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போவாக. சின்னமனூருக்குப் போகையில பிரிண்டு போட்டு வச்சிருப்பேன்."

"ஏங்க்கா விக்கிறீக?"

"மக தேனியில காலேசுல படிக்கா. லேப்டாப் இல்லாம கூட இருக்குற பிள்ளைககிட்ட எரவல் வாங்கி வாங்கி எழுதுறா." அடுப்பைக் குனிந்து ஊதினார். "இங்கன விக்கிறதுக்கு எங்ககிட்ட வேற என்ன இருக்கு? வீடு எஸ்டேட்டோடது. கட்டில் எஸ்டேட்டோடது. ரிடையர் ஆனா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பணும். இது ஒண்ணுதேன் எங்களோடது."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். வாசலில் ஆண்கள் வந்துவிட்ட சத்தம் கேட்டது. கீழேயும் நல்ல மழை என்று கொழுந்தனார் போனில் சொன்னாராம். என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சாப்பாடு வரும்வரை கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு அந்த அறையில் ஆண்களும் சமையல்கட்டில் நாங்களுமாகப் படுத்தோம். அக்கா வீட்டில் இருந்த நல்ல கம்பளியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் இரண்டு சேலையைப் போர்த்திக்கொண்டார்.

மறுநாளும் மழை விடவில்லை. ரோடு திறக்கவில்லை. மையத்துக்கு லீவு சொல்லக்கூட மேட்டுக்கு ஏறித்தான் போக வேண்டியிருந்தது. திரும்பி வருகிற வழியில் என் கணவர் நின்றார்.

"பேசாம அதை வாங்கிரு" என்றார்.

"நீங்கதான வேணாம்னீக?"

"அது அப்ப. ரெண்டு நாளா அவுக சோத்தைத் தின்னுட்டு, கம்பளியப் போத்திட்டு, வேணாம்னுட்டு எந்திரிச்சு வர முடியுமா? எனக்குக் கூசுது. இதுக்காகத்தான வந்த? வாங்கு, ரோடு திறந்ததும் எறங்குவோம்."

"யோசிக்கணும்."

"என்னத்த யோசிக்கணும்? அங்க பழம் வெடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நீ இங்கன யோசிக்கிற!"

அவர் முன்னால் நடந்துவிட்டார். மூட்டத்துக்குள் அவருடைய சாக்கு மட்டும் தெரிந்தது. அந்த மேட்டில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் வெள்ளை. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் தவறாகப் போகும் போல இருந்தது. வாங்கினால், அந்த அக்காவிடம் இருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன். வாங்காவிட்டால், அவர்கள் போட்ட சோற்றுக்கு முகத்தில் அடித்தது போல. அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம் இல்லை. நான்கு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் அக்கா என்னைக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழையில் இலை எடுக்க ஆள் போகாததால் நாலைந்து பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "பழகிக்கங்க, நாளையில இருந்து உங்களுதுதான" என்றார். அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நின்றபடியே எடுத்த படங்களில் தலைகள்தான் விழுந்தன. "உக்காந்துக்கங்க தங்கச்சி. அதுக நம்மளப் பாக்கணும்னா கழுத்து வலிக்கும்ல" என்றார். தரையில் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து லென்ஸில் கையை வைத்தது. அந்தப் படம் நன்றாக வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே ஒரு குற்றமாகவும் பட்டது.

சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். சார்ஜர், கழுத்துப் பட்டை, லென்ஸ் துடைக்கிற துணி. அக்கா கேமராவின் வயிற்றைத் திறந்து கார்டை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்கும டப்பாவில் போட்டு மூடினார்.

"கார்டு இல்லாம எப்படிக் குடுக்குறது? படத்த அழிச்சிட்டுக் குடுத்துர வேண்டியதுதான" என்றார் மெக்கானிக்.

"கார்டு அவுக புதுசு வாங்கிக்கிருவாக" என்றார் அக்கா. அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"ஆமாண்ணே, வாங்கிக்கிருவா" என்றார் என் கணவர். விலையை அவரும் மெக்கானிக்கும் அதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டிருந்தார்கள். போட்ட விலையில் மெக்கானிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். என் கணவர் அவருக்கு ஃபேக்டரியில் மேலும் இரண்டு வருடம் சர்வீஸ் இருப்பதைப் பற்றியெல்லாம் விசாரித்து அண்ணன் தம்பி ஆகிவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மழை நின்றது. ஜேசிபி வந்து மண் அள்ளுகிறது, பத்து மணிக்குள் வண்டி விட்டுவிடுவார்கள் என்று செய்தி வந்தது. என் கணவர் ஷூவை மாட்டிக்கொண்டு, என் பையில் இருந்து பணக் கவரை எடுத்தார். மெக்கானிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அரிசியோடு கொடுக்கிறாராம். அக்கா கதவோரம் நின்றார்.

நான் லென்ஸைக் கழற்றினேன். செல்போன் டார்ச்சைப் போட்டுப் பின்பக்கமாகப் பிடித்தேன். கண்ணாடியின் ஓரத்தில், தலைமுடியை விட மெல்லிசாக, இரண்டு இழை கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. ஓரத்தில்தான். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. இது படத்தில் விழாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று காப்பகத்தில் எடுத்த படங்களை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்திருந்தேன், எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு இழையைக் கண்டதும், அடைத்த அறையில் கதவு ஒன்று திறந்தது போல இருந்தது.

"லென்சுல ஃபங்கஸ் இருக்குண்ணே" என்றேன்.

"அப்படின்னா?"

"பூஞ்சை. உள்ளுக்குள்ள புடிச்சிருக்கு. போகப் போகப் பரவிரும். இதை வாங்க முடியாதுண்ணே."

என் கணவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. மெக்கானிக்கும் வாங்கிப் பார்த்தார். மிஷினோடேயே பிழைக்கிறவர். கையில் இருப்பது கெட்டுப்போன பொருள் என்று சொன்னதும் அவர் முகம் சின்னதாகிவிட்டது. "எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சு உங்கள இம்புட்டுத் தூரம் வரச்சொல்லல" என்றார். அதைக் கேட்டபோது, அப்படியே பேச்சை மாற்றி வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் லென்ஸை வாங்கி மூடியைப் போட்டேன்.

"அது நாலு வருசமா அப்படியேதேன் இருக்கு. படத்துல விழுகாது" என்றார் அக்கா, கதவோரத்தில் இருந்தே. அவர் என்னைத்தான் பார்த்தார். நான் சிட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா, ரிஸ்க்கு" என்றேன்.

 மெக்கானிக் கேமராவைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்தார். அந்த நிலையிலும், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தோம். 

இறங்கும்போது மண்சரிவுப் பக்கத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக விட்டார்கள். அங்கே காத்து நின்றபோதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "மொத நாளே அந்த டார்ச்ச அடிச்சுப் பாத்திருக்கலாம்ல? மூணு நாள் ஒக்காந்து தின்னுட்டு, கடைசியில அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா?"

நான் மண் அள்ளுகிற ஜேசிபியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நேரே தோட்டத்துக்குப் போனோம். கீழ் வரிசை முழுவதும் காய் வெடித்து, சாறு வழிந்து, தேனீ மொய்த்துக் கிடந்தது. மேட்டு வரிசை தப்பித்திருந்தது. அவர் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து நடந்து, வெடித்த குலையை எல்லாம் அறுத்துப் போட்டார். அந்தக் கேமராவைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எனக்குள் ஒரு சின்னத் திருப்தி மட்டும் இருந்தது. அரிசி டப்பாவுக்குள் கேமரா இருக்கிறது, அக்கா எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். கவுண்டரில் கூட்டம் குறைவான நேரத்தில் அதை நினைத்தால் மனது கொஞ்சம் லேசாகும். பதினைந்து நாள் கழித்து அவர்கள் நம்பருக்குக் கூப்பிட்டேன். அக்காதான் எடுத்தார்.

"வித்தாச்சு தங்கச்சி" என்றார். "நீங்க போன மறுவாரமே கம்பத்துல இருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தாரு. இவுக தானாவே ஃபங்கஸ் இருக்குன்னு சொல்லிட்டாக. நீங்க சொன்னப்பறம் மறைச்சு விக்க மனசு வரல. அவர் அதைச் சாக்கா வச்சு நல்லாக் கொறச்சிட்டாரு."

"லேப்டாப் வாங்கியாச்சாக்கா?"

"பழசுதேன் பாத்துக்கிட்டிருக்கோம். பத்தல."

 பிறகு அவர், "ஒண்ணு கேக்கவா? அது படத்துல விழுகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார்.

"தெரியும்க்கா."

"பிறகு ஏன்?"

"நீங்க வச்சிருக்கணும்னு நெனச்சேன். வாங்குனா உங்ககிட்ட இருந்து பறிச்ச மாதிரி ஆயிரும்னு..."

"நாந்தேன் விக்கலாம்னு சொன்னேன். இவுக வேணாம்னுதேன் சொன்னாக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்க வேண்டுமே என்கிற பொறுமையோடு சொன்னார். "போறது போகட்டும், நல்லா எடுக்குற ஆளுகிட்டப் போகட்டும்னு இருந்தேன். நீங்க தரையில உக்காந்து எடுத்தீகள்ல, அப்பவே எனக்குத் திருப்தியாப் போச்சு." பின்னால் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "இந்தா வாரேன்... சரி தங்கச்சி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபங்கஸ் பொய் சாக்கு என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, விக்க மனசு இருக்கான்னு?" என்றார்.

"கேக்கல."

"ரெண்டு நா அடுப்படியில அவுக கூடத்தான இருந்த?"

"ஆமா."

"நாங்கதான் ஒன்கிட்டக் கேக்காம வெல பேசினோம்" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டச் சொன்னாரா, தன் தப்பை ஒத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தை பிறந்ததும் குமுளியில் ஒரு கேமரா விலைக்கு இருப்பதாக அவரே கண்டுபிடித்து வந்தார். "அங்க ரோடு நல்ல ரோடு" என்று சொன்னார். போனோம். ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு மலையாளி இளைஞர். புது மாடல் வாங்கிவிட்டதால் பழையதைக் கொடுக்கிறார். அவருக்கு அதன்மேல் எந்த ஒட்டுதலும் இல்லை. லென்ஸில் ஒரு தூசி கிடையாது. ஷட்டரும் அதிகம் அடிக்கவில்லை. வாசலில் நின்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இதை வாங்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "என்னத்த யோசிக்கப் போற?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அது ஆயிற்று ஐந்து மாதம். அந்த இளைஞர் இரண்டு தடவை மெசேஜ் போட்டுக் கேட்டார். பிறகு விட்டுவிட்டார். அது இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று கேட்க நான் போனை எடுப்பேன், நம்பரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.